கழன்றதும் கழற்றியதும்

ஆட்டின் காதில் மாட்டும் பிளாஸ்டிக் தோட்டுக்கு இரண்டு துண்டுகள். ஒன்றில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் கூரான கொண்டை. மற்றதில் ஒரு துளை. நடுவில் ஆட்டின் காது. இடுக்கியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் கொண்டை காதைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்துத் துளைக்குள் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். திருகாணி இல்லை, பசை இல்லை. இதை வரைய ஒரு படிப்பா என்று என் அண்ணன் சுடலைமணி கேட்பான்.

படிப்பு வேண்டும். கொண்டையின் முன்பக்கச் சரிவைப் பொறுத்து அது உள்ளே போகும். பின்பக்கத்தைப் பொறுத்து அது திரும்பி வரும், அல்லது வராது. பின்பக்கம் நேர்குத்தாக இருந்தால் வரவே வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சரித்துவிட்டால் இழுத்த இழுப்புக்கு வரும். கொண்டை வைத்த எந்தப் பொருளுக்கும், டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து கார் கதவு வரைக்கும், இதுதான் கணக்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், 'டக்' சத்தத்தைக் கேட்பார்கள், திருப்திப்பட்டுப் போய்விடுவார்கள். பின்பக்கம் உள்ளே போய் மறைந்துவிடுவதால் அதை யாரும் பார்ப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது கோவில்பட்டி பைபாஸை ஒட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில். முதலாளி கிருஷ்ணராஜ். கடலைமிட்டாய் டப்பாவுக்கு மூடி, மருந்து தெளிக்கிற டேங்கின் தோள்வாருக்குக் கொக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காது என்று எது வந்தாலும் செய்து தருவோம். பொருளை வரைவதும், அதை வார்க்கிற மோல்டை வரைவதும் என் வேலை. மோல்டை வெட்டுவது டூல் ரூம் ஆட்களின் வேலை. வெட்டியது சரியில்லை என்றால் வரைந்தவளைத் திட்டுவது முதலாளியின் வேலை.

ஆட்டுத் தோடு ஆர்டர் வந்த அன்று கம்பெனியில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். வட்டாரம் முழுக்க ஆடுகளுக்குக் காப்பீடு செய்யப் போகிறார்கள், ஒவ்வோர் ஆட்டுக்கும் எண் போட்ட ஒரு தோடு, அத்தனையும் நாம்தான் என்றார். காப்பீட்டுக்காரர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை மாட்டினால் தானாகவும் கழலக் கூடாது, யாராலும் கழற்றவும் முடியக் கூடாது, மீறிக் கழற்றினால் உடைய வேண்டும். செத்த ஆட்டின் தோட்டை எடுத்து வேறோர் ஆட்டுக்கு மாட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று அவர்களுக்கு அவ்வளவு கவலை.

நான் பின்பக்கத்தை நேர்குத்தாக வரைந்தேன். முதலாளி திரையைப் பார்த்தார்.

"இது மோல்டுல இருந்து எப்படிம்மா வெளிய வரும்?" என்றார்.

நல்ல கேள்வி. துளைக்குள் போனால் திரும்பாத கொண்டை, வார்த்த மோல்டுக்குள்ளும் அப்படியே சிக்கிக்கொள்ளத்தான் செய்யும். அதற்கு மோல்டில் இரண்டு பக்கமும் விலகுகிற ஸ்லைடர் வைக்க வேண்டும். கொண்டையை வார்த்துவிட்டு, கதவைத் திறப்பது போல விலகி, துண்டை விட்டுவிடும். மோல்டுக்குச் செலவு கூடும், ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் கூடும். அதைச் சொன்னேன்.

"எதுக்கு ஸ்லைடரு? பின்பக்கத்தைச் சரிச்சுவிடு. பிளாஸ்டிக் மெத்துன்னுதானே இருக்கு. பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளுனா நெளிஞ்சு வந்துட்டுப் போகுது."

"மோல்டுல இருந்து நெளிஞ்சு வந்தா காதுல இருந்தும் நெளிஞ்சு வரும் சார்."

"மோல்டுல எஜெக்டர் பின்னு தள்ளுது. ஆட்டுக் காதுல எவன்மா தள்ளப் போறான்?"

"முள்ளு தள்ளும் சார். சீமைக்கருவேலத்துக்குள்ள பூந்து பூந்துதானே மேயுது."

"ஆட்டுக்கு ஆங்கிள் தெரியுமா?" என்றார். டூல் ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி ஒன்றைச் சொன்னால் அது சிரிப்பாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வரையச் சொன்னதை வரைந்து கொடுத்தேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. நேர்குத்து டிராயிங் கம்ப்யூட்டரில் தூங்கியது, சரிவு டிராயிங் மோல்டாக மாறியது. சோதனைக்கு வந்தவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து, தோட்டை ஒரு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அது மார்கழி மாதம். காது இல்லை, வெயில் இல்லை, முள் இல்லை. எந்தத் தோடும் பாஸாகிவிடும்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஊர் நாகலாபுரம் பக்கம். வீட்டில் நான் ஒருத்திதான் ஆட்டை விட்டு வெளியே வந்தவள். அண்ணன் ஆட்டோடு நின்றுவிட்டான். நின்றுவிட்டான் என்று நான் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், ஆடு எங்கே நிற்கிறது என்பான். எல்லாம் வேம்பூர் ஆடுகள், வெள்ளை உடம்பில் செம்பொட்டு, தொங்கு காது. அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவான். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், நிலக்காரர் கொடுப்பது இவனுக்கு வரும்படி. எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் அவன் கிடைக்கு ஆள் சொல்லி வைத்திருப்பார்கள். அது அவனுக்குப் பெரிய கௌரவம். சொந்த ஆடு, சொந்தக் கிடை, எவனுக்கும் கைகட்டி நிற்கவில்லை என்று எந்தக் கல்யாண வீட்டிலும் சத்தமாகச் சொல்லுவான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் முகாம் போட்டுத் தோடு மாட்டினார்கள். அன்று அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"ஏட்டி மாரி, ஒன் கம்பெனித் தோடுதாம்லா இது? எல்லா ஆட்டுக்கும் காது குத்தியாச்சு. தாய்மாமன் நான்தான்."

"மொய் எவ்வளவு விழுந்துச்சு?"

"மொய்யா? ஆளுக்கொரு புழுக்கை," என்று சிரித்தான்.

சித்திரை வெயிலில் அது கழல ஆரம்பித்தது. வெயிலில் பிளாஸ்டிக் இளகுகிறது, துளையின் உதடு விரிகிறது, முள் பிடித்து இழுக்கிறது, கொண்டை சறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து தோடுகளை அள்ளித் தரையில் வைத்தான்.

"டிசைனு, ஒன் நகையெல்லாம் காட்டுல கெடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன்." டிசைனு என்பது அவன் எனக்கு வைத்த பெயர்.

ஒன்றும் உடையவில்லை. குச்சி வைத்த ஆண் துண்டு முழுசாக இருந்தது, துளை வைத்த பெண் துண்டு முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆட்டின் காதிலும் கிழிசல் இல்லை என்றான். மறுநாள் அதில் ஒன்றை மட்டும் முதலாளியின் மேஜையில் வைத்தேன். ஆடு சொறிந்தால் ஒன்றிரண்டு விழத்தான் செய்யும் என்றார். ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்ன அண்ணனிடம், அடுத்த முகாமில் புதுசு போடலாம், கம்பெனியிலிருந்து வரட்டும் என்றார்களாம். கம்பெனி என்றால் நாங்கள்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் விழுந்ததா என்றால் அதுவும் இல்லை. வீட்டோரமாகக் கட்டி, கண்மாய்க் கரையில் மேய்த்தவர்களின் ஆடுகளில் தோடு அப்படியே இருந்தது. காடுகாடாக முள்ளுக்குள் அலைந்தவனின் ஆடுகள்தான் மூளியாகிப் போயின.

ஐப்பசி மழையோடு நீலநாக்கு நோய் வந்தது. ஆட்டின் வாய் புண்ணாகி, நாக்கு வீங்கி நீலம்பாரித்து, தின்ன முடியாமல் படுத்துவிடும். அண்ணன் கஞ்சியைக் காய்ச்சி ஆறவைத்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றிக்கொண்டு திரிந்தான். நான் போனபோது கிடையில் நிற்பதைவிடக் கிடப்பதுதான் அதிகம். சினையாடுகள் எல்லாம் போய்விட்டன. டாக்டர் வந்து பார்த்து, நீலநாக்குதான் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் அழவில்லை. காப்பீடு இருக்கிறது என்று அவனுக்கு ஒரு தைரியம். வருகிற பணத்தில் சினையாடாக வாங்கிவிட்டால் அடுத்த பங்குனிக்குள் கிடை பழையபடி நிற்கும் என்று என்னிடம் சொன்னான். அது வராவிட்டால் எஞ்சியதை விற்றுவிட்டு, எவனாவது வைத்திருக்கிற ஆட்டைக் கூலிக்கு மேய்க்கப் போக வேண்டும். அதை அவன் சொல்லவில்லை, அண்ணி சொன்னாள்.

தை மாதம் பதில் வந்தது. தோடு இல்லாத ஆட்டுக்கு இழப்பீடு இல்லை. தோடு இருந்தது, விழுந்துவிட்டது என்று இவன் சொல்லி, பொறுக்கி வைத்த தோடுகளையும் கொடுத்திருந்தான். அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். தோடு உடையாமலும் காது கிழியாமலும் இருப்பதால் 'தோடு கழற்றப்பட்டுள்ளது'.

அண்ணன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். பணத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை.

"கழட்டப்பட்டுள்ளதாம்லா. யாரு கழட்டுனா? நானா? கழண்டு போச்சுன்னு எழுதுறதுக்கு இவியளுக்கு என்ன கொள்ளை? கழண்டதுக்கும் கழட்டுனதுக்கும் வித்தியாசம் தெரியாதா? நம்மள களவாணின்னுலா எழுதிருக்காவ."

"அண்ணே, அப்படி இல்ல..."

"ஏட்டி, நீதான அதச் செஞ்சே. நீ வந்து சொல்லு. தானா கழலும்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

காப்பீட்டு அதிகாரி நாகலாபுரத்துக்கு வந்து எல்லாருடைய மனுவையும் நேரில் விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்தது. கம்பெனியிலிருந்தும் ஒரு ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளி என்னைத்தான் அனுப்பினார். அனுப்பும்போது தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டிசைன் நல்ல டிசைன், தானா கழலாது. இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. ஆர்டர் போச்சுன்னா அத்தனை பேருக்கும் வேலை போயிரும், உனக்கும் சேத்துத்தான்."

"சரி சார்," என்றேன். சரி என்று சொல்ல என்ன காசா பணமா?

கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். மாசி மாத வெயில் அதற்குள்ளேயே சுட்டது. அதிகாரி ப்ரியதர்ஷினி, சின்ன வயது, வெளியூர்ப் பெண். எல்லாரையும் உட்காருங்கள், உட்காருங்கள் என்றாள். கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

முதலில் பெத்தம்மாள் போனாள். எங்கள் ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள், நீலநாக்கில் ஆடு போனவள். ஒரு தூக்குவாளியைத் திறந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள். உள்ளே உப்பு. உப்புக்குள் தோட்டோடு அறுத்த ஆட்டுக் காதுகள். செத்த ஆட்டுக்குச் சாட்சி அதுதான் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். நாற்றம் வரக் கூடாது என்று உப்பை மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருந்தாள். அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எண்களைச் சரிபார்த்தாள். எல்லாம் ஒத்துப்போனது.

"உங்களுக்கு வந்துடும் பாட்டி," என்றாள். பெத்தம்மாள் தூக்குவாளியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். தோடு இருந்த இன்னும் சிலருக்கும் அப்படியே ஆனது.

பிறகு அண்ணன் முறை. அதிகாரி அவன் கொடுத்திருந்த தோடுகளை மேஜையில் பரப்பினாள்.

"ஒண்ணுகூட உடையலையே அண்ணாச்சி. கழட்டாம எப்படி வரும்?" என்றாள். அண்ணாச்சி என்பதை மட்டும் இங்கே வந்து கற்றிருக்கிறாள் போல.

"நான் கழட்டல தாயி. கழண்டுட்டு. செஞ்ச பிள்ளையே வந்துருக்கு. என் தங்கச்சிதான். அதுகிட்டயே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னை யாராவது அடித்துவிட்டால் இதே முகத்தோடு வந்து நிற்பான், யாரு, காட்டு என்பான். இப்போது காட்ட வேண்டியது நான்.

கைப்பையிலிருந்து ஒரு புதுத் தோட்டை எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கைப்பிடிச் சுவரில், வெயிலில், கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற விட்டேன். இரண்டு துண்டையும் சேர்த்து அழுத்தினேன். 'டக்'. அந்தச் சத்தம் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைச் சாய்த்து, முள் இழுப்பது போல ஒரு பக்கமாக இழுத்தேன். கொண்டை சறுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"பின்பக்கத்தைச் சரிச்சிருக்கு மேடம். மோல்டுல இருந்து சுளுவா வரணும்னு சரிச்சது. அதனால காதுல இருந்தும் வருது. இவங்க யாரும் கழட்டணும்னு இல்ல."

கூட்டத்தில் ஒரே சத்தம். "பாத்தியளா! பாத்தியளா! தானா கழலுது!" என்று தோடு தொலைத்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஒருவர் என் கையிலிருந்து தோட்டைப் பிடுங்கித் தானும் மாட்டி, தானும் இழுத்து, "வருதுல்லா!" என்று தூக்கிக் காட்டினார். பெத்தம்மாள்கூடக் கை தட்டினாள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான். வேலை போனால் போகட்டும், அண்ணனைக் களவாணி என்று எழுதியதை அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ப்ரியதர்ஷினி அந்தத் தோட்டைக் கேட்டு வாங்கினாள். அவளும் மாட்டினாள். 'டக்'. இழுத்தாள். வந்தது. மறுபடி மாட்டினாள். 'டக்'.

"கழட்டினதைத் திரும்ப மாட்ட முடியுது," என்றாள்.

"முடியும் மேடம்."

"உடையல."

"உடையல."

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெத்தம்மாளின் மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் காதுல இருக்கற தோடு அந்த ஆட்டுக்கே போட்டதுன்னு நான் எப்படி நம்பறது?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"யார் ஆட்டுத் தோட்டை வேணும்னாலும் யார் ஆட்டுக்கும் மாட்டலாமே. நீங்களே காட்டினீங்க. இது தோடாவே கணக்குல வராது. ஒண்ணு ரெண்டை மட்டும் பிரிச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது, எல்லாத்தையும் நிறுத்தி வைக்க வேண்டியதுதான்," என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. நிஜமான வருத்தம்தான். வருத்தத்தோடு எழுதினாலும் அது எழுத்துதானே.

"மேடம், கழலுதுன்னுதான் சொன்னேன். கழட்டுதாங்கன்னு சொல்லல," என்றேன்.

"கழலும்னா கழட்டவும் முடியும் இல்லையா?" என்றாள். என் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கொண்டைக்கு யார் இழுக்கிறார்கள் என்று தெரியாது.

அன்று ஒரு ஆட்டுக்கும் இழப்பீடு இல்லை என்று ஆனது. ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் பெத்தம்மாள் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, ஒங்க அண்ணனுக்கு நியாயம் கேக்க வந்தே. கேட்டுக்க. எனக்குத்தான் தாரேன்னு சொல்லிட்டாவளே, என்னத்துக்கு அதக் கழட்டிக் காட்டுனே? வாய வச்சுட்டுச் சும்மா இருந்துருக்கக் கூடாதா? படிச்சவளாம் படிச்சவ."

"பெரியம்மா, நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சா என்ன, வேணாம்னு செஞ்சா என்ன? எனக்குப் போச்சா இல்லையா?" என்றாள். தூக்குவாளியைத் திறந்து, உப்பையும் காதுகளையும் என் காலடியில் கொட்டிவிட்டுப் போனாள்.

அண்ணன் குனிந்து அந்தக் காதுகளைப் பொறுக்கி ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்தான். என்னைத் திட்டியிருக்கலாம். ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். தன் ஆட்டுக்குத் தோடு இல்லை என்பதற்காக ஊர்த் தோட்டையே தங்கச்சியை விட்டுக் கெடுத்துவிட்டான் என்று பேச்சு. கழற்றினான் என்று காகிதத்தில் எழுதியது போதாதென்று இப்போது வாய்க்கு வாய் அதுவே.

எஞ்சிய ஆடுகளை அண்ணன் விற்றான். எப்போதும்வென்றானில் சங்கரபாண்டி என்பவரிடம் கூலிக்கு மேய்க்கப் போனான். நிறைய நிலம் உள்ள குடும்பம். முன்பு அவர் காட்டில் இவன் சொந்தக் கிடை போட்டிருக்கிறான், இவனுக்காக அவர் காத்திருந்திருக்கிறார். இப்போது அவரே ஆடு வாங்கிவிட்டார், ஆடு தெரிந்த ஆள் வேண்டும் என்று இவனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

என் வேலை போகவில்லை. நான் போகும் என்றுதான் போனேன். முதலாளி இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தார். காப்பீட்டுக்காரர்கள் பழைய தோடு அத்தனையையும் ஒதுக்கிவிட்டார்கள். எல்லா ஆட்டுக்கும் புதுத் தோடு, இந்த முறை கழலவே கூடாது, ஸ்லைடர் செலவும் சேர்த்து விலை போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். தப்பைத் தைரியமாக எடுத்துச் சொன்ன கம்பெனி என்று எங்கள் மேல் நல்ல பெயராம்.

"உன் பழைய டிராயிங்கை எடு," என்றார். "நான் அன்னைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கணும்." மறுபடியும் கேசரி வந்தது. நான் தின்னவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நேர்குத்துக் கொண்டையை வார்த்தோம். சூடேற்றி இழுத்தோம், தண்ணீரில் ஊறவைத்து இழுத்தோம், முறுக்கி இழுத்தோம். வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை. இரண்டு பேர் இடுக்கி வைத்து இழுத்தும் வராமல் கடைசியில் குச்சி அறுந்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

மந்தையில் மாட்டிப் பார்க்க ஆடு வேண்டியிருந்தது. முதலாளிக்குத் தெரிந்தவர் என்று சங்கரபாண்டியின் மந்தையைத்தான் சொன்னார். மாட்டுகிற அன்று நான் போகவில்லை. முடியவில்லை. டூல் ரூம் ஆள்தான் போய் வந்தான். ஒரு ஆள் ஆட்டைப் பிடித்துக் கொடுத்தார், நல்லாப் பழக்கமானவர் போல, ஒரு ஆடும் துள்ளவில்லை என்றான்.

வைகாசி கடைசியில், மாட்டியது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத நானே போக வேண்டியதாகிவிட்டது. எப்போதும்வென்றானுக்குத் தெற்கே வெடித்துக் கிடந்த கரிசலில் ஆடுகள் நின்றன. அண்ணன் இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் துண்டை உதறி ஒரு வரப்பில் விரித்து, "இங்கன உக்காரு, வெயிலா இருக்கு," என்றான். தண்ணீர் கொடுத்தான். அண்ணி, பிள்ளைகள், நெஞ்சு வலிக்கிற அம்மா என்று எல்லாம் கேட்டு முடித்தேன். தோடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அவனே சொன்னான். "ஒன் தோடு ஒண்ணுகூடக் கழலல, டிசைனு. அப்படியே இருக்கு."

டிசைனு என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். ஒவ்வோர் ஆடாக எண் பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் தோடு எல்லாக் காதிலும் பளிச்சென்று இருந்தது. ஓரமாக நின்ற ஓர் ஆட்டுக்கு மட்டும் தோடு இல்லை. இடது காதில் பாதியும் இல்லை. கந்தலாகி, வேப்பெண்ணெய் தடவி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

"முள்ளுல மாட்டிக்கிட்டு. இழுத்துருக்கு. முன்னெல்லாம் தோடு வந்துரும், ஆடு ஓடிரும். இப்பத் தோடு வராதுல்லா."

சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தான். என் தோடு. ஆண் துண்டும் பெண் துண்டும் பூட்டியபடியே இருந்தன. ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நடுவில், காய்ந்து கறுத்துப்போய், ஆட்டின் காது. மேலே உப்புப் பரல் ஒட்டியிருந்தது.

"உப்புல போட்டு வச்சிருக்கேன்," என்றான். "செத்த ஆட்டுக்கு இதான சாட்சி? அந்தா, உசுரோட நின்னு மேயுது."

ஆடு இன்னும் மேய்ந்துகொண்டுதான் இருந்தது.

"சங்கரபாண்டி மொதலாளி கேட்டாரு, காது எப்படிலே அறுந்துச்சுன்னு. தானா அறுந்துட்டுன்னு சொன்னேன். நம்பல. நீதான அறுத்தே, தோட்டக் களவாங்கத்தானன்னு கேட்டாரு." துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "ஒன் காயிதத்துல எழுதிக்க ஏட்டி. தோடு கழலலன்னு எழுது. நல்ல வேல செஞ்சிருக்கே."

ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்து, கம்பெனித் தாளில் அந்த எண்ணுக்கு நேராக, கழலவில்லை என்று எழுதினேன்.